மூன்றாவது குழாய்

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. தாராவியில் எங்கள் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சைனப் வாயைத் திறந்தால் குழாயடியில் வரிசை தானாக நேராகிவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட நான் அறுபத்துநாலு அக்டோபரில் மூன்று நாள் பயந்தே செத்தேன். அதுவும் ஒரு கொசுவைப் பார்த்து.

கொசு எனக்குப் புதிதல்ல, அதுதான் எனக்குச் சோறு போட்டது. செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில், யானைக்கால் கணக்கெடுப்புக்கென்று ஒரு சின்ன லேப் இருந்தது. மெட்ரிக் பாஸ் பண்ணிய தைரியத்தில் அறுபத்திரண்டில் அங்கே போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கொசுவைக் கிழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வேலை இதுதான். செல்லப்பாண்டி அண்ணாச்சி காலை ஆறு மணிக்கு டார்ச்சும் கண்ணாடிக் குழாயுமாக வீடு வீடாகப் போவார். குழாயின் ஒரு முனையில் ரப்பர் டியூப் இருக்கும். அதை வாயில் வைத்து உறிஞ்சினால் சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசு உள்ளே வந்துவிடும். நடுவில் வலைத்துணி வைத்திருப்பதால் தொண்டைக்குள் போகாது. வீட்டுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஒரு வீட்டுக் கொசுவெல்லாம் ஒரு சோதனைக் குழாயில். வீட்டு நம்பர் எழுதிய சீட்டை ஒட்டி, வாயில் பஞ்சு அடைத்து, ஒன்பது மணிக்குள் என் மேஜைக்கு வந்துவிடும். நான் ஈதரைக் காட்டி மயக்கி, காலையும் இறக்கையையும் பிய்த்துப் போடுவேன். ஸ்லைடில் மூன்று சொட்டு உப்புத்தண்ணீர் வைத்து, தலையை ஒன்றில், நெஞ்சை ஒன்றில், வயிற்றை ஒன்றில் போட்டு, இரண்டு ஊசியால் மெல்லப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன்.

தலையில் நீளமாக யானைக்கால் புழு நெளிந்தால், அந்தக் கொசு அடுத்த ஆளுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சில் கட்டையாகக் கிடந்தால், சில நாளுக்கு முன்னால் எங்கேயோ வாங்கியது, எங்கே என்று சொல்ல முடியாது. வயிறுதான் பொல்லாதது. குடித்த ரத்தம் இன்னும் சிவப்பாக இருக்கும்போதே அதற்குள் மெல்லிய நூலாகப் புழு துடித்தால், நேற்று ராத்திரி அந்த வீட்டில் படுத்திருந்த யாரோ ஒருவருடைய ரத்தம் அது. தப்பிக்க வழியே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அகப்பட்டது வயிறு. நாற்பத்துமூன்றாம் நம்பர் குழாயில் ஒன்பதாவது கொசு. பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "சார், பாசிட்டிவ்!" என்று கத்தினேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் கத்தினேன். எட்டு மாதமாக ஒன்றுமே கிடைக்காத லேப் அது.

எங்கள் ஆபீசர் வானமாமலை மாட்டுங்காக்காரர். சட்டையில் மடிப்புக் கலையாதவர் அன்றைக்கு ஓடியே வந்தார். "பேஷ், பேஷ்! நெகட்டிவ் நெகட்டிவ்னு எழுதி எழுதி எனக்கே அலுத்துப் போச்சும்மா. மேலே நம்மை மறந்தே போயிட்டா," என்று பியூனை அனுப்பி எல்லோருக்கும் பேடா வாங்கிவரச் சொன்னார். நானும் இரண்டு தின்றேன்.

நாற்பத்துமூன்று மதீனா பீவி மாமியின் வீடு. எங்கள் சந்திலேயே எட்டு வீடு தள்ளி. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியின் மகள் மர்யமுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை குர்லாவில் டிரங்குப் பெட்டி பட்டறை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீதின் மகன். அந்தப் பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் காசிம் பத்து வருஷமாகத் தகரம் வெட்டுகிறார். முதலாளிக்கு மர்யமைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். பேடா தின்னும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் ஆட்கள், புழு கண்ட வீடு என்று மாமி வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தில் வட்டம் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு குழு வந்து வீட்டில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுக்கும். அந்தப் புழு பகலில் உள்ளே பதுங்கிக்கொள்ளும், ராத்திரியில்தான் தோலுக்கு வரும். முடிவு தெரிய அடுத்த வாரம் ஆகிவிடும். ஆனால் அன்று காலையிலேயே வட்டம் என்னவென்று சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பஸ்ஸுக்குப் போகும்போது மாமி மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சைனபு, நீ அங்கனதானளா வேல பாக்குதே? நல்லா கண்ணத் தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் மாமி. மாத்திர இருக்கு, சரியாப் போவும்."

"மாத்திரையா? கல்யாணம் சரியாப் போவுமா, அதச் சொல்லு."

நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது செல்லப்பாண்டி அண்ணாச்சி வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். நாற்பது வயசு, நாலு பிள்ளை பெற்றவர், முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன். கத்தப்பிடாது."

"மொதல்ல சொல்லும்."

"அந்த நாப்பத்துமூணு டியூபு... அங்கன ஏழுதான் கெடச்சுது. கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சிருக்காவ. சுவரெல்லாம் பளீர்னு கெடக்கு, கொசு ஒக்கார இருட்டே இல்ல."

"அப்பம் பன்னெண்டு எப்படி வந்துது?"

அவர் தரையைப் பார்த்தார். "நேத்துக் காலைல ஒங்க வீட்டுல டீ குடிக்க வந்தம்லா. ஆணில ஒன் புர்கா தொங்குச்சு. அதுக்குப் பின்னாடி அப்பிக்கிட்டு இருந்துது. அஞ்ச உறிஞ்சி கணக்க நெறவிட்டேன். எதுவும் வராதுன்னு நெனச்சேன் தாயி. எட்டு மாசமா எங்க வந்துது?"

கத்தவேண்டியவள் கிசுகிசுவென்றுதான் பேசினேன். "அண்ணாச்சி, அந்த ரப்பர் டியூப அப்படியே முழுங்கித் தொலச்சிருக்கப்பிடாதா நீரு?"

"ஆபீசர் சாபுகிட்ட சொன்னா வேல போயிரும் தங்கச்சி. நாலும் பச்சப் புள்ளையளு."

பாத்திரத்தை மூடிவிட்டேன். ஏழு அங்கே, ஐந்து இங்கே. புழு இருந்தது ஒன்றில். அது யார் வீட்டுக் கொசு? பன்னிரண்டும் ஒரே பஞ்சுக்குக் கீழே கலந்து கிடந்தன, நான் எல்லாவற்றையும் கிழித்துத் துடைத்து எறிந்தும் ஆகிவிட்டது.

எங்கள் வீடு ஒற்றை அறை, பம்பாயில் கோலி என்பார்கள். அதில் படுப்பது மூன்று பேர். காசிம், நான், எங்கள் மகள் ரோஷன். ரோஷனுக்கு எட்டு வயசு. போன மாதம் மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு. யானைக்கால் காய்ச்சலும் அப்படித்தான் வரும். மழைக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். ஒரு கால் சாதாரணமாக இருக்கும், இன்னொரு கால் வேட்டியை விலக்கிக்கொண்டு தூண் போல நீட்டிக் கிடக்கும். அன்று சாயந்திரம் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கால்தான் கண்ணில் நின்றது. அந்தக் காலுக்கு மேலே என் பிள்ளையின் முகம்.

வீட்டுக்குப் போனதும் தையல் நூலை எடுத்து ரோஷனின் இரண்டு கணுக்காலையும் அளந்தேன். இடது கால் நகக்கண் அளவு கூடுதல். மறுபடி அளந்தேன், வலது கூடுதல். மூன்றாம் தரம் அளக்கும்போது அவள், "உம்மா, கொலுசு வாங்கப் போறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரை மூலையில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

புழு இருக்கிற எல்லோருக்கும் கால் வீங்குவதில்லை, மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் இருப்பது அடங்கும். இதை நூறு வீட்டு வாசலில் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அவர்கள் ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பயந்தவன் காதில் எதுவும் ஏறாது.

காசிமிடம் சொல்லவில்லை. அண்ணாச்சியின் வேலை போய்விடும், காசிம் கோபக்காரர், முதலாளி முகத்தில் எப்படி விழிப்பார் என்றெல்லாம் காரணம் வைத்திருந்தேன். எல்லாம் சால்ஜாப்பு. சொன்னால் நிஜமாகிவிடும் என்ற பயம்தான். விரலில் குத்தி ரத்தம் எடுக்கிற பெட்டியும், அந்த ரத்தத்தில் புழுவைக் காட்டுகிற சாயமும் ராத்திரிக் குழுவின் பூட்டுக்குள் இருந்தன. ஊசியால் குத்தினால் பிள்ளை அலறும், அவர் எழுந்து ஏன் என்று கேட்பார். அதனால் எனக்குத் தெரிந்த வித்தையையே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

லேபிலிருந்து மூன்று கொசுவலை எடுத்து வந்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் கைவிரல் நுழைகிற அளவு நாலு ஓட்டை போட்டேன். ஓட்டை வழியாக உள்ளே வருகிற கொசு, வயிறு நிறையக் குடித்த பிறகு வெளியே போக வழி தெரியாமல் வலையிலேயே உட்கார்ந்திருக்கும். காலையில் யார் வலையில் இருக்கிறதோ, அவர் ரத்தம்தான் அதன் வயிற்றில்.

"இதென்னளா கூத்து? ஆளுக்கொரு வலை?" என்றார் காசிம்.

"ஆபீஸ்ல புதுசா வந்திருக்கு மச்சான். சோதிச்சுப் பாக்கச் சொன்னாவ."

"ஓட்ட வலையவா சோதிப்பாவ? ஒங்க ஆபீஸு வெளங்கிரும்," என்று சொல்லிவிட்டு அவர் படுத்த நிமிஷமே குறட்டை விட்டார். பெற்ற பிள்ளையை வேண்டுமென்றே கொசுவுக்குக் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது? ரோஷன் தூக்கத்தில் சொறிந்துகொள்ளும் ஒவ்வொரு தரமும் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ரோஷன் வலையில் நாலு, காசிம் வலையில் ஐந்து. தனித்தனிக் குழாயில் பிடித்தேன். என் வலையில் ஒன்றுகூட இல்லை. விடிய விடியக் கையை வீசிக்கொண்டு கிடந்தவளை எந்தக் கொசு கடிக்கும்? எனக்கென்று வைத்திருந்த மூன்றாவது குழாய் காலி.

ஏழரை மணிக்கே லேபில் போய் உட்கார்ந்தேன். பெருக்குகிறவளைத் தவிர யாரும் இல்லை. ரோஷனுடைய முதல் கொசுவில் ஊசி வழுக்கி, வயிறு உடைந்து ஸ்லைடு முழுக்க ரத்தம் பரவிவிட்டது. இத்துனூண்டு ரத்தம்தான், ஆனால் அது என் பிள்ளையுடையது. கண்ணை மூடி பிஸ்மில்லா சொல்லிவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இரண்டு, மூன்று, நாலு. தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் சுத்தம். காசிமுடைய ஐந்தும் சுத்தம்.

அன்றைக்கு நான் சிரித்தேன், பாடினேன், வானமாமலை சாருக்குச் சலாம் வைத்தேன். பிள்ளைக்கு இல்லை. அப்படியானால் மாமி வீடுதான். அப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை, அதுதான் உண்மை. மூன்றாவது குழாய் காலியாக மேஜை மேலேயே கிடந்தது. அதை எடுத்து என் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

சாயந்திரம் சந்துக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம். நிக்காஹைத் தள்ளிப்போடலாம் என்று குர்லாவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமி வாசலில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். மர்யம் உள்ளே நின்று தன் இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ரோஷனின் கணுக்காலில் நான் நூலைச் சுற்றியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "நாளக்கிக் காலைல மாமி வீட்டுல பன்னெண்டு புடிக்கணும். கட்டிலுக்கு அடியில, பானைக்குப் பின்னால, எங்கயாவது புடியும். அந்த வீட்டுக் கொசு மட்டும். ஒண்ணு கொறஞ்சாலும் ஒம்மள நானே சாபுகிட்டக் கூட்டிட்டுப் போவேன்." அவர் தலையை ஆட்டினார்.

அன்று ராத்திரி அசையாமல் படுத்தேன். கையை நீட்டி வைத்தேன். ஒன்று வந்து முழங்கையில் உட்கார்ந்தது. அடிக்கத் துடித்த கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டேன். குடித்துத் தொலை என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாவது குழாயில் மூன்று கொசு. முதல் கொசு சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதன் வயிற்றைப் பிரித்து ஸ்லைடை நகர்த்தினேன். சிவப்பு அணுக்கள் ஓரிடத்தில் மட்டும் தள்ளித் தள்ளி ஒதுங்கின. யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி. பிறகு அது தெரிந்தது. நெளிந்தது, சுருண்டது, நிமிர்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

முதலில் என் வாயில் வந்தது "அல்ஹம்துலில்லாஹ்." பிள்ளைக்கு இல்லை, எனக்குத்தான். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? அது எனக்குள் இருக்கிறது. நான் சோறு தின்னும்போது, சண்டை போடும்போது, இந்த ஊசியைப் பிடித்திருக்கும் இந்த நிமிஷத்தில்கூட, உள்ளே இருக்கிறது. தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எட்டரைக்கு அண்ணாச்சி பன்னிரண்டு கொசுவோடு வந்தார். இரண்டு மணி நேரம் நின்று பிடித்தாராம். பன்னிரண்டையும் கிழித்தேன். எல்லாம் சுத்தம்.

வானமாமலை சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சியும் கூடவே நின்று தன் பங்கைத் தானே சொன்னார். சார் குனிந்து என் ஸ்லைடைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட் மேலே போயாச்சேம்மா. ரத்தப் பரிசோதனை முடிஞ்சு, அவா கையெழுத்துப் போட்டாத்தான் அந்த வட்டத்தை அழிக்கலாம். அடுத்த வாரம் ஆயிடும்."

"ஞாயித்துக்கிழம கல்யாணம் சார்."

"நான் என்னம்மா பண்றது? நீ முதல்ல மாத்திரையை ஆரம்பி. பன்னெண்டு நாள், விடாம." மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்துத் தள்ளினார். இது தொட்டால் ஒட்டாது என்று எனக்கே பாடம் எடுத்தவர் அவர்.

லீவு சொல்லிவிட்டு மதீனா பீவி மாமியிடம் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். மாமி எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்னளா பிரயோசனம்? வா குர்லாவுக்கு. அங்க வந்து சொல்லு."

"மாமி, அங்க எம் மாப்பிள வேல பாக்குதாவ. அவியளுக்கு இன்னும் தெரியாது."

"எம் மவளுக்கும் வட்டம் போடுத வரைக்கும் ஒண்ணும் தெரியாதுளா," என்றார் மாமி.

ஜும்மா முடிந்து பட்டறையில் தகரச் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. ஷாகுல் ஹமீது முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே காசிம் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஒருவர் நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் நான் பேசவேண்டியதாகிவிட்டது.

"முதலாளி, மாமி வீட்டுல யாருக்கும் அந்தப் புழு இல்ல. கொசு மாறிப் போச்சு. இன்னைக்கி அந்த வீட்டுக் கொசு பன்னெண்டையும் நானே பாத்தேன். சுத்தமா இருக்கு."

"மாறிப் போச்சா? அப்பம் அது யாரு வீட்டுக் கொசு?"

"எங்க சந்துலதான். வேற வீடு."

"வேற வீடுன்னா? ஞாயித்துக்கிழம நாலு பேரு கேப்பாவ தாயி. வேற வீடு, வேற வீடுன்னா எவன் நம்புவான்?"

மாமி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் நிற்கிற பக்கம் திரும்பக்கூட முடியவில்லை.

"எங்க வீடு," என்றேன். "எனக்குத்தான்."

ஷாகுல் ஹமீது தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஒம்பேரச் சொல்லி நீயே வந்து நிக்கிறப்போ நான் என்னத்தச் சொல்ல?" என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழம நிக்காஹ் நடக்கும், போங்க." மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

காசிம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன். அவர் அடிக்கவில்லை.

"புள்ளைக்கி?"

"இல்ல மச்சான். பாத்துட்டேன்."

"எனக்கு?"

"இல்ல."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பத்து வருஷமாகப் பார்த்த கால்தான். நான் சட்டென்று புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"முதலாளி, வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். மாமியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நான் பின்னால் போனேன். பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டமில்லை. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன், பக்கத்து இடம் காலியாக இருந்தது. முன்னாலும் இரண்டு இடம் காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் வந்தார், காசிம் டிக்கெட் எடுத்தார். அப்போதும் நின்றுகொண்டே இருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்து நான் எதற்கும் காத்திருந்ததில்லை. வண்டி அடுத்த ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.